சிறிய ஃபோர் வீல் டிரைவ், எட்டு மாதப் பயணம்: எந்த வண்டி எடுக்கலாம்?

நெடுவழி

வணக்கம் நண்பர்களே. நானும் என் மனைவியும் எட்டு மாதம் சாலை வழியாகவே நாடு நாடாகப் போய்வரத் தீர்மானித்திருக்கிறோம். வழியில் பாலைவனம் உண்டு, 4,000 மீட்டரைத் தாண்டும் மலைப்பாதைகளும் உண்டு. ஓட்டப்போவது பெரும்பாலும் தார்ச்சாலையில்தான். ஆனால் தார் முடிகிற இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் கிளம்புகிறோம்.

லேண்ட் க்ரூஸர், டிஃபெண்டர் எல்லாம் எங்கள் கைக்கு எட்டாது. யாரோ ஓட்டிய, சிறிய, சரிபார்த்து எடுக்கக்கூடிய வண்டிதான் தேடுகிறோம். இப்போதைக்குப் பட்டியலில் இருப்பவை: மூன்றாம் தலைமுறை சுசூகி ஜிம்னி, 2018-இல் வந்த நான்காம் தலைமுறை ஜிம்னி, 2005-இல் வந்த தலைமுறை சுசூகி கிராண்ட் விட்டாரா, லாடா நிவா, முதல் தலைமுறை டைஹாட்சு டெரியோஸ், டஸ்டர் ஃபோர் வீல். வண்டிக்குள் தூங்குவதா, கூரைமேல் கூடாரம் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கியர்பெட்டி

ஜிம்னி எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். 1970-இல் 359 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோடு தொடங்கிய பரம்பரை அது. இன்றுவரை ஏணிச் சட்டகம் மாறவில்லை, முன்னும் பின்னும் ஒரே தண்டாக வரும் ஆக்சில் மாறவில்லை, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் பெட்டியும் மாறவில்லை. 2007-இல் சிலியின் ஓஹோஸ் தெல் சலாதோ எரிமலையில் 6,688 மீட்டர் வரை ஏறி அன்றைய உலகச் சாதனை படைத்தது மாற்றியமைத்த ஒரு சுசூகி சாமுராய்தான், அதாவது வெளிநாட்டுப் பெயரில் விற்ற இரண்டாம் தலைமுறை ஜிம்னி.

நான்காம் தலைமுறையில் முன்பக்க ஏறுகோணம், அதாவது பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு, 37 பாகை; பின்பக்கம் இடிக்காமல் இறங்க 49. அகலம் 1,645 மி.மீ. மட்டுமே. பெரிய வண்டிக்காரன் இறங்கி நின்று யோசிக்கிற இடத்தில் நீங்கள் நேராகப் போய்விடலாம்.

மணல்மேடு

தம்பி, வண்டிப் பெயரையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ ஒரு தகடு இருக்கும். அதில் அந்த வண்டி எல்லாம் ஏற்றியபின் இருக்கலாம் என்கிற மொத்த எடை போட்டிருக்கும். அதிலிருந்து வண்டியின் வெற்று எடையைக் கழியுங்கள். வருகிற எண்தான் உங்கள் எட்டு மாத வாழ்க்கை. ஆட்கள், தண்ணீர், உபரி பெட்ரோல், படுக்கை, கருவிகள், கூரைச்சட்டம், நீங்கள் புதிதாகப் போடப்போகும் இரும்பு பம்பர் எல்லாமே அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும்.

மூன்று கதவு ஜிம்னிக்கு மொத்த எடை 1,435 கிலோ. வெற்று எடை வகையைப் பொறுத்து 1,100-ஐ ஒட்டி வரும். மிச்சம் சுமார் 330 கிலோ. இப்போது கணக்குப் போடுங்கள். இரண்டு பேர் 140. தண்ணீர் 40 லிட்டர், கேனோடு 43. இருபது லிட்டர் பெட்ரோல் கேன் ஒன்று 19. கூரைக் கூடாரம் 55, அதைத் தாங்கும் சட்டம் 25. குளிர்பெட்டியும் அதற்கான இரண்டாவது பேட்டரியும் 35. கருவிகளும் உதிரிகளும் 25. இரண்டாவது ஸ்டெப்னி 20. துணிமணி, படுக்கை 30. அடுப்பு, பாத்திரம், சாப்பாடு 25. கூட்டினால் 417. பம்பரையும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

கூரைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஜிம்னிக்கு ஓடும்போது 30 கிலோதான். கூடாரத்தை மட்டும் வைத்தாலே வரம்பு தாண்டிவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த வண்டி என்பது இங்கே தேவையில்லை, தப்பு முழுக்க என்னுடையது. முதல் நீண்ட பயணத்தில் வரம்புக்கு மேல் நூறு கிலோவாவது ஏற்றியிருப்பேன். மூன்று நாள் தொடர்ந்து சலவைப் பலகை மாதிரி வரிவரியான மண்சாலை. மூன்றாம் நாள் மாலை பின்னால் டொக் டொக் என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து, தூசியோடு கலந்து கறுப்புப் பசையாக அப்பிக்கிடந்தது. தொட்டேன், விரல் சுட்டது. மேலே போல்ட் போகிற துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு விரிந்துபோயிருந்தது. சட்டத்தில் பற்றவைத்திருந்த தாங்கியிலோ மயிரிழை போல ஒரு விரிசல். ஒரு வெல்டரைக் கண்டுபிடிக்க 210 கிலோமீட்டர் ஊர்ந்தேன், மணிக்கு இருபதுக்கு மேல் போகாமல். அந்த இரண்டு நாளும் ஃபோர் வீல் டிரைவ் எனக்கு ஒரு பயனும் தரவில்லை.

நெடுவழி

மணல்மேடு அண்ணா, உண்மையில் நாங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை. குளிர்பெட்டி, கூடாரம், வின்ச் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. எதற்கும் எடை எழுதவில்லை.

வழிப்போக்கி

எடையோடு சேர்த்து இன்னொன்றையும் அளக்க வேண்டும்: நீங்கள் படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்கிறீர்கள் என்று.

நாங்கள் வண்டி தேடிய காலத்தில் வீட்டுத் தரையில் சாக்கட்டியால் ஒரு செவ்வகம் வரைந்தேன். 185 செ.மீ. நீளம், 105 செ.மீ. அகலம். அதற்குள் இருவரும் ஒரு ராத்திரி தூங்கினோம். காலையில் அவர் கால் கோட்டுக்கு வெளியே, என் முழங்கை கோட்டுக்கு வெளியே. ஆனாலும் தூங்க முடிந்தது. அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் டேப்பை எடுத்து உள்ளே படுப்பேன். வீல் ஆர்ச்சுகளுக்கு நடுவே அளக்க வேண்டும், கதவுக்குக் கதவு அளந்து ஏமாறாதீர்கள்.

ஒட்டுப்பலகை மேடை போட நினைத்தால் தடிமனையும் பாருங்கள். அந்த அளவுக்கு 18 மி.மீ. பலகை வைத்தால் பலகை மட்டுமே 22 கிலோ வரும், 12 மி.மீ. என்றால் 15 கிலோ. கீழே இரண்டு குறுக்குச்சட்டம் சரியான இடத்தில் கொடுத்தால் 12 தாராளமாகப் போதும். மணல்மேடு அண்ணா சொல்கிற கிலோக்கள் இப்படித்தான் ஏழு, எட்டு என்று சேர்கின்றன.

உள்ளே தூங்குவதில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே சத்தம் கேட்டால் கீழே இறங்காமல் முன் இருக்கைக்குத் தாவி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். எட்டு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் அப்படிப் போனோம். அந்த ஒரு முறைக்காகவே நான் கூரைக் கூடாரம் வேண்டாம் என்பேன். காற்று பலமாக அடிக்கிற மேட்டில் கூரைக்கூடாரத்தில் படுத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தூங்கினார்களா என்று.

கியர்பெட்டி

அக்கா, அண்ணா, எடைக் கணக்கு சரிதான். ஆனால் கூரைக் கூடாரத்தை விட்டுவிட்டு தரைக் கூடாரம் எடுத்தால் நான்கைந்து கிலோவில் முடிந்தது. வின்ச் எதற்கு? ஜிம்னி சிக்கினால் ஒரு மண்வெட்டியும் இரண்டு ஆளும் போதும், வண்டியே ஆயிரத்துச் சொச்சம் கிலோதானே. கனமான வண்டியை வாங்கினால் அதை மீட்கக் கனமான சாமான் தேவைப்படும். லேசான வண்டிக்கு எல்லாமே லேசு. டயர், பிரேக், எரிபொருள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

சரளைப்பாதை

நான் இன்னொரு பக்கத்திலிருந்து பேசுகிறேன். நெடுவழி ஓட்டப்போவது பெரும்பாலும் தார்ச்சாலை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஜிம்னியின் ஃபோர் வீல் டிரைவ் தேவைப்படும்போது மட்டும் போடுகிற வகை. முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. காய்ந்த தாரில் அதைப் போட்டுத் திருப்பினால் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும், ஆனால் ஓட முடியாது. தண்டுகள் முறுக்கேறும், ஸ்டீயரிங் கனக்கும், கடைசியில் பெட்டியில் ஏதாவது போகும். ஆகவே தாரில் அது பின்சக்கர வண்டிதான்.

மழையில் மலைச்சாலை என்று வையுங்கள். பத்து மீட்டர் தார், ஐந்து மீட்டர் சேறு, திரும்பவும் தார். அங்கே லீவரைப் போட்டு எடுத்துப் போட்டு எடுத்துக்கொண்டா ஓட்டுவீர்கள்? முழுநேரமும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற வண்டியில் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். உங்கள் பட்டியலிலேயே நிவா, டெரியோஸ், கிராண்ட் விட்டாரா மூன்றும் அந்த வகை. மூன்றிலும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டவும் முடியும். நிவாவிலும் கிராண்ட் விட்டாராவிலும் லோ ரேஞ்சும் உண்டு, டெரியோஸில் இல்லை.

நிவாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1977-இல் தோல்யாத்தி நகரில் உற்பத்தி தொடங்கியபோதே அதற்குத் தனிச் சட்டகம் இல்லாத ஒற்றைக்கூட்டு உடல், சுருள் ஸ்பிரிங், முன்னால் தனித்தனிச் சஸ்பென்ஷன், முழுநேர ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் இருந்தன. பின்னாளில் ஊரெல்லாம் வந்த சிறிய எஸ்யூவிகளின் வடிவம் அங்கே முன்கூட்டியே இருந்தது. பழுது பார்ப்பது சுலபம். ஆனால் நெடுஞ்சாலையில் அதன் இரைச்சலில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உட்கார இருவரும் தயாரா என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மெல்லநட

ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம்தானா? 1958–59-இல் இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள் சிட்ரோயன் 2சிவி காரில் உலகைச் சுற்றி சுமார் 1,00,000 கிலோமீட்டர் ஓட்டினார்கள். முன்சக்கர இழுவை மட்டுமே உள்ள குட்டிக் கார் அது. தரையிலிருந்து நல்ல உயரம், மென்மையான ஸ்பிரிங், குறைந்த எடை, பொறுமை. சாலை இருக்கிற இடமெல்லாம் இவை போதும்.

மணல்மேடு

மெல்லநட சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். மணலில் சிக்குகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இன்னும் இரண்டு சக்கரத்துக்குச் சக்தி அல்ல, டயரில் காற்றைக் குறைப்பது. சாலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் மணலில் 16, 18-க்கு இறக்குங்கள். டயர் அகலமாவது கொஞ்சம்தான், நீளவாக்கில்தான் அதிகம் படியும். புல்டோசர் சங்கிலி மாதிரி. வரிவரியான மண்சாலையிலும் 22-க்கு இறக்கினால் வண்டியின் ஆயுள் கூடும், உங்கள் முதுகின் ஆயுளும் கூடும். திரும்ப ஏற்ற ஒரு நல்ல கம்ப்ரஸர் கட்டாயம். வின்ச் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு கம்ப்ரஸர் வாங்குங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லோ ரேஞ்ச் வேண்டும். அது ஏறுவதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது இறங்குவதற்கு. உருண்டைக்கல் நிறைந்த செங்குத்தான இறக்கத்தில், வண்டி நிறையச் சாமானோடு, பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் இரண்டாவது வளைவுக்குள் பிரேக் கருகும் வாடை வரும். ஃபோர் லோ, முதல் கியர், கால் இரண்டையும் தூக்கித் தரையில் வையுங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், மனிதன் நடக்கிற வேகத்தில் அதுவே இறங்கும். ஜிம்னியின் லோ விகிதம் 2-க்குச் சற்று மேல். அதாவது அதே எஞ்சின் சுற்றுக்கு வேகம் பாதி, சக்கரத்துக்குப் போகிற முறுக்கு இரண்டு மடங்கு. டஸ்டர் ஃபோர் வீலில் லோ ரேஞ்ச் கிடையாது. முதல் கியரை ரொம்பக் குட்டையாக, அதாவது வேகம் குறைவாகவும் இழுவை அதிகமாகவும், வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான், பல இடத்தில் போதும். சுமையோடு நீண்ட கல்லேற்றத்தில் கிளட்ச்தான் அடி வாங்கும்.

நெடுவழி

சரி, டஸ்டரையும் டெரியோஸையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அடுத்த கேள்வி: பெட்ரோலா, டீசலா? உயரத்தில் சிறிய பெட்ரோல் எஞ்சின் மூச்சு வாங்காதா?

கியர்பெட்டி

வாங்கும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தஜிகிஸ்தானின் பாமிர் நெடுஞ்சாலையில் அக்பைத்தால் கணவாய் 4,655 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். 102 குதிரைத்திறன் உள்ள ஜிம்னி அங்கே அறுபதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஏறும், இரண்டாவது கியரில் ஏறும். மெதுவாகப் போகத் தயாராக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இதனால்தான் பெரிய டயர் மோகமும் வேண்டாம் என்கிறேன். ஜிம்னிக்கு நிறுவனம் தருவது 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 704, வித்தியாசம் ஒன்றரை சதவீதம், எஞ்சினுக்குத் தெரியாது. 235/75 போட்டால் 734. ஆறு சதவீதம் கியரை நீளமாக்கிவிட்டீர்கள் என்று பொருள். ஏற்கெனவே மூச்சுத் திணறும் உயரத்தில் அது ஒரு கியர் குறைந்த மாதிரி இருக்கும்.

டீசல் பற்றி: பழைய எளிய டீசல் கிடைத்தால் நல்லது. புகைவடிகட்டி வைத்த புதிய டீசல்களுக்குக் கந்தகம் மிகக் குறைந்த எரிபொருள் வேண்டும், எல்லா நாட்டிலும் எல்லா பங்கிலும் அது கிடைக்காது. சிறிய வண்டிக்கு எளிய பெட்ரோல் எஞ்சினே நிம்மதி.

வழிப்போக்கி

வண்டியின் அளவும் மதிப்பும் எல்லைகளிலும் துறைமுகங்களிலும் பேசும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சில நாடுகளுக்குள் வண்டியைக் கொண்டுபோக கார்னே என்கிற சுங்க ஆவணம் தேவை. வண்டியை அங்கே விற்றுவிட மாட்டீர்கள், திரும்பக் கொண்டுபோய்விடுவீர்கள் என்பதற்கான உத்தரவாதம் அது. அதற்கு நீங்கள் கட்டிவைக்கும் பிணைத்தொகை வண்டியின் மதிப்பைப் பொறுத்தது. மலிவான பழைய வண்டி என்றால் முடங்கிக்கிடக்கும் பணமும் குறைவு. நாங்கள் அந்தப் பணத்தைப் பிணையில் வைத்துவிட்டு மிச்சத்தில்தான் கிளம்பினோம், அந்த வித்தியாசம் எங்களுக்கு இரண்டு மாதச் செலவு.

கப்பலில் ஏற்றும்போது இருபது அடி கன்டெய்னரின் உள்நீளம் 5.9 மீட்டர், கதவின் உயரம் 2.28 மீட்டர், அகலம் 2.34. உங்கள் பட்டியலில் உள்ள எல்லாமே இதற்குள் சுலபமாகப் போகும். பூட்டிச் சீல் வைத்து அனுப்பலாம். உயரமான வண்டிக்காரர்கள் பலர் ஓட்டி ஏற்றுகிற கப்பலில் விட வேண்டியிருக்கிறது. அங்கே சாவியை ஒப்படைத்தே ஆக வேண்டும்.

நெடுவழி

பத்து நாள் கழித்து வருகிறேன். வீட்டிலுள்ள எடைபார்க்கும் கருவியில் ஒவ்வொரு சாமானையும் நிறுத்தோம். கையில் பிடித்துக்கொண்டு நான் ஏறி நின்று, என் எடையைக் கழித்து, மனைவி நோட்டில் எழுதினாள். முதல் கூட்டல் 402 கிலோ, எங்கள் இருவரையும் சேர்த்து. கூரைக்கூடாரம், வின்ச், இரண்டாவது ஸ்டெப்னி போயின. குளிர்பெட்டி வேண்டுமா என்று இரண்டு நாள் பேசினோம், அதுவும் போனது. இப்போது 291.

அதன்பின் சாக்கட்டி. மனைவிக்கு உள்ளேதான் தூங்க வேண்டும், அதில் மாற்றமில்லை என்றாள். மூன்று கதவு ஜிம்னியில் முன் இருக்கையைச் சாய்த்து இருவரும் படுத்துப் பார்த்தோம். ஒரு இரவு என்றால் சரி, இருநூறு இரவுக்கு முடியாது. எடையும் விளிம்பில்தான் நிற்கும். ஐந்து கதவு கிராண்ட் விட்டாராவில் பின் இருக்கையை எடுத்துவிட்டு அளந்தோம், கோடு உள்ளே அடங்குகிறது. தகட்டுக் கணக்கில் 400-க்கு மேல் ஏற்றலாம், நாங்கள் 300-க்குள் இருப்போம். 66 லிட்டர் டேங்க் என்பதால் உபரி கேனை ஆள் இல்லாத நீண்ட பகுதிகளுக்கு மட்டும் நிரப்பினால் போதும்.

கியர்பெட்டி, உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும்.

கியர்பெட்டி

ஏமாற்றம் இல்லை, நண்பரே. நான் எப்போதும் தனியாகத்தான் போவேன். 291 கிலோவை அளந்துவிட்டு எடுத்த முடிவை நான் எதிர்த்துப் பேச மாட்டேன். உடலுக்குள்ளேயே ஏணிச் சட்டகத்தைச் சேர்த்துப் பற்றவைத்த வண்டி அது, இந்த வேலைக்கு ஏற்றது.

வாங்குவதற்கு முன் கீழே படுத்துப் பாருங்கள். சட்டகம், பின் சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் இடம், பிரேக் குழாய்கள், இந்த மூன்றிலும் துருவைத் தேடுங்கள். மேலே புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். ஜாக்கியில் தூக்கி முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகட என்றால் பேரிங்கோ பந்துமூட்டோ போயிருக்கிறது. நான்கு டயரும் ஒரே அளவா, தேய்மானமும் ஏறத்தாழ ஒன்றா என்று பாருங்கள். முழுநேர ஃபோர் வீல் வண்டியில் வேறு வேறு தேய்மானத்தோடு நெடுநாள் ஓட்டியிருந்தால் நடு டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் உழைத்திருக்கும்.

நெடுவழி

ஞாயிறு ஒரு வண்டி பார்க்கப் போகிறோம், 2 லிட்டர் பெட்ரோல், கையால் போடும் கியர். லோ ரேஞ்ச் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? உரிமையாளர் ஒருமுறைகூடப் போட்டதில்லையாம்.

மணல்மேடு

அப்படியென்றால் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். லோ ரேஞ்சை மாற்றுகிற சிறு மோட்டார் பல வருடம் அசையாமல் இருந்தால் இறுகியிருக்கும். மண்தரையிலோ ஈரப் புல்லிலோ நிறுத்தச் சொல்லுங்கள், தாரில் வேண்டாம். வண்டி முழுதாக நிற்கட்டும், கியர் நியூட்ரலில், கிளட்ச் மிதித்தபடி டாஷில் உள்ள குமிழை 4எச்-இலிருந்து (சாதாரண ஓட்டம்) 4எச் லாக்குக்கும் (நடு டிஃபரன்ஷியல் பூட்டியது), பிறகு 4எல் லாக்குக்கும் (பூட்டோடு லோ ரேஞ்ச்) திருப்புங்கள். விளக்கு சிமிட்டிவிட்டு நிலையாக எரிய வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஒன்றிரண்டு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி முயலுங்கள். பிறகு முதல் கியரில் கால் எடுத்துவிட்டு விடுங்கள், வண்டி ஊர்ந்து போக வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் வண்டி தயங்கித் தயங்கி இழுக்கும், அது நடு டிஃபரன்ஷியல் பூட்டியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

திரும்ப 4எச்-க்கு வந்ததும் அந்தத் தயக்கம் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.